வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

வீட்டை அளந்து படம் போடற பாடம் மட்டும் வேண்டாம் மேடம். மத்தது எது வேணும்னாலும் சொல்லுங்க, திங்கட்கிழமையே எடுக்கறேன், நீங்க வீடியோ புடிச்சுக்கங்க. காகிதத்துல முக்கோணம் வெட்டி, மூணு மூலையையும் கிழிச்சுப் பக்கத்துல பக்கத்துல வச்சா நேர்கோடு வரும்ல, அது எடுக்கறேன். கயித்துல பன்னெண்டு முடிச்சு போட்டு மைதானத்துல செங்கோணம் புடிக்கறது எடுக்கறேன். கொடிக்கம்பத்து நிழலை அளந்து கம்பத்தோட உயரம் கண்டுபிடிக்கறது இருக்கு. பசங்க வெயில்ல ஓடி ஓடி அளப்பாங்க, பாக்கவே நல்லா இருக்கும்.

அதெல்லாம் எல்லாரும் எடுக்கறாங்களா? மங்கையர்க்கரசி டீச்சர்னா வீட்டுப் படம்தான்னு உங்க கல்வி ஆபீஸ்ல சொல்லி அனுப்பினாங்களா? சொல்லுவாங்க. மாவட்டத்துல முதல் பரிசு வாங்கின பாடமாச்சே. எட்டு வருஷம் ஆச்சு, இன்னும் ஞாபகம் வச்சிருக்காங்க பாருங்க. ஆனா ஏன் நிறுத்தினேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. நீங்கதான் கேட்டுட்டீங்க.

உக்காருங்க. சொல்றேன். உங்களுக்கு நேரம் இருக்குல்ல?

அப்ப நான் வேற பள்ளிக்கூடத்துல இருந்தேன். கொள்ளிடக் கரையோரம் ஒரு ஊரு. பேரு வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு, முப்பத்தெட்டு பிள்ளைங்க. வடிவியல்னாலே பயம். நாற்கரத்துக்கு நாலு பக்கம்னு கூட அழுத்திச் சொல்லமாட்டாங்க, இழுப்பாங்க. அப்பதான் யோசிச்சேன், கரும்பலகைல நான் போடறது என் செவ்வகம், அவங்களுக்கு என்ன வந்தது, அவங்கவங்க வீட்டை அவங்கவங்களே அளந்துட்டு வரட்டும்னு. ஒரு அடிக்கு ஒரு சென்டிமீட்டர். சுவர் கோடு. ஜன்னல் ரெட்டைக் கோடு. கதவு எந்தப் பக்கம் திறக்குதோ அந்தப் பக்கம் காம்பஸ் வச்சுக் கால்வட்டம். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்குதோ அங்க ஒரு சின்னக் கட்டம். தாழ்ப்பாளெல்லாம் எந்தப் புத்தகத்துலயும் கிடையாது. அது நான் சேத்தது. பிள்ளைங்க உத்துப் பாக்கணும்னு சேத்தேன்.

நல்லா செஞ்சாங்க. ஒருத்தன் வீட்டை விட்டுட்டு மாட்டுக் கொட்டகைய அளந்துட்டு வந்தான். ஒருத்தி சமையல்கட்டை விட டிவியப் பெருசா வரைஞ்சிருந்தா. சிரிப்பும் சத்தமுமா ஒரு வாரம் போச்சு.

அல்லின்னு ஒரு பொண்ணு. கலியபெருமாளோட ரெண்டாவது மக. மூத்தவ செந்தாமரை. குளத்துப் பூவாப் பாத்துப் பேரு வச்சிருக்காரு, ஆசையாத்தான் வச்சிருக்காரு. அந்த ஆளு ஒண்ணும் பொல்லாதவர் இல்ல மேடம். பள்ளிக்கூடத்துக்குச் சுத்துச்சுவர் கட்டினப்போ ரெண்டு லோடு செங்கல் இறக்கினவர். எனக்கு ஒரு வழியில அண்ணன் முறை வேணும். அதுக்கும் நான் சொல்லப்போறதுக்கும் சம்பந்தம் இல்ல. முறைன்னு ஒண்ணு இருக்கறதால சொல்றேன்.

அல்லி அதிகம் பேசமாட்டா. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல சார்ட்டைக் கொண்டுவந்து என் மேஜைல விரிச்சா. நான் அசந்துட்டேன். பென்சில்ல அவ்வளவு சுத்தமா வரைஞ்சிருந்தா. அதுலயும் பின்கட்டுல ஒரு சின்ன அறை. ஆறடிக்கு நாலரை அடி. மத்த பிள்ளைங்க எல்லாம் அறைன்னா செவ்வகம்னு கண்ண மூடிக்கிட்டுப் போட்டிருந்தாங்க. இவ மட்டும் ரெண்டு மூலைவிட்டத்தையும் அளந்து எழுதியிருந்தா. ஒண்ணு ஏழடி நாலு அங்குலம், இன்னொண்ணு ஏழடி எட்டு அங்குலம். அப்படின்னா அது செவ்வகம் இல்ல, சாய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். நான் வீட்டுக்குப் போய் கணக்குப் போட்டுப் பாத்தேன். கச்சிதமா வந்தது. அந்த வயசுப் பிள்ளைங்க அப்படி அளந்து நான் பாத்ததே இல்ல.

திங்கட்கிழமை வகுப்புல, "இந்த அறைய மட்டும் எப்படி இவ்வளவு சரியா அளந்தே?"ன்னு கேட்டேன்.

"நான் அளக்கல டீச்சர். இஞ்சு டேப்பைக் கதவுக்கு அடியில விட்டேன். அக்கா உள்ள இருந்து அளந்து சொல்லுச்சு. நான் வெளில உக்காந்து எழுதிக்கிட்டேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? வகுப்பைப் பாத்து, "எல்லாரும் அல்லிக்குக் கை தட்டுங்க. ஒருத்தர் அளக்கணும், ஒருத்தர் எழுதணும், அப்பதான் தப்பு வராது"ன்னு சொன்னேன். தட்டினாங்க. அவ தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. வெக்கப்படறான்னு நினைச்சேன்.

"ஜன்னல் எங்க?"

"அங்க ஜன்னல் இல்ல டீச்சர்."

"தாழ்ப்பாளை வெளிப்பக்கம் போட்டிருக்கியே?"

"வெளிலதான் டீச்சர் இருக்கு. உள்ள கிடையாது."

அறைக்கு நடுவுல சின்ன எழுத்துல 'அக்கா'ன்னு எழுதியிருந்தா. இது என்னன்னு கேட்டேன். "அக்கா அங்கதான் டீச்சர் இருக்கு"ன்னா. அதைச் சொல்லும்போது குனிஞ்ச தலையத் தூக்கி என்னைப் பாத்தா. நேரா பாத்தா.

செந்தாமரை காலேஜுக்குப் போறதில்லன்னு எனக்குத் தெரியும். மஞ்சக்காமாலைன்னு சொல்லிக்கிட்டாங்க. காலனிப் பையன் ஒருத்தனோட பழக்கம், ரெஜிஸ்டர் ஆபீஸ் வரைக்கும் போய் இழுத்துட்டு வந்துட்டாங்கன்னும் சொல்லிக்கிட்டாங்க. ஊர்ல ஆயிரம் பேசுவாங்க மேடம். ஒரு டீச்சர் எதையெல்லாம் காதுல போட்டுக்க முடியும்?

அந்தப் படத்தைத்தான் மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்பறதுன்னு முடிவு பண்ணினேன். அதை விட நல்லா வேற இல்ல. ஆனா அப்படியே அனுப்ப முடியுமா? நாலு பேர் வந்து பாப்பாங்க. அறைக்குள்ள ஆளு, வெளில தாழ்ப்பாள்னு இருந்தா என்ன நினைப்பாங்க? அந்தக் குடும்பத்துக்கும் நல்லாவா இருக்கும்? நான் ரப்பரை எடுத்து வெளில இருந்த கட்டத்தை அழிச்சுட்டு உள்பக்கம் போட்டேன். 'அக்கா'வை அழிச்சுட்டுப் 'படுக்கை அறை'ன்னு எழுதினேன். படத்துல அறையோட பேருதானே எழுதணும்? பிறகு எல்லாக் கோட்டு மேலயும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால நானே இழுத்தேன். அல்லி பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டிருந்தா.

"டீச்சர், அது வெளிலதான் டீச்சர்"னு இன்னொரு தடவை சொன்னா.

"இருக்கட்டும். இப்படித்தான் இருக்கணும். புரியுதா?"ன்னேன்.

"சரிங்க டீச்சர்"னா.

பிள்ளைங்க எழுதறதுல தப்பு இருந்தா திருத்தறதுதானே நம்ம வேலை. நீங்களும் டீச்சரா இருந்துட்டு ஆபீசுக்குப் போனவங்கதானே, சொல்லுங்க.

முதல் பரிசு வந்தது. அல்லிக்கு ஒரு காம்பஸ் பெட்டி, எனக்குச் சால்வை. பேப்பர்ல போட்டோ வந்தது. அதுக்கப்புறம் மூணு வாரம் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலைல பிரேயர் முடியறதுக்குள்ள சேதி வந்துடுச்சு. செந்தாமரை போயிட்டா. அந்த அறைக்குள்ளயே. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுத் தூக்கு மாட்டிக்கிட்டா, கதவை உடைச்சுத்தான் இறக்கினோம்னு வீட்ல சொன்னாங்க. சாயங்காலத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. நான் பத்தாவதுக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுத்துக்கிட்டிருந்தேன். சுடுகாட்டுப் புகையை ஜன்னல்லேந்து பாத்தேன்.

மூணாம் நாள் துக்கம் கேக்கப் போனேன். போகாம இருக்க முடியாதே, முறை இருக்கே. பொம்பளைங்க எல்லாம் கூடத்துல உக்காந்திருந்தாங்க. அல்லி சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. என்னைப் பாத்ததும் எழுந்து நின்னா, வகுப்புல நிக்கற மாதிரி. நான் தண்ணி குடிக்கப் போற மாதிரி பின்கட்டுக்குப் போனேன். ஏன் போனேன்னு தெரியல.

அந்தக் கதவு இருந்தது. உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள். பழசு உடைஞ்சுதுன்னு புதுசு போட்டாங்களாம். திருகாணி எல்லாம் பளபளன்னு இருந்தது. சரி. ஆனா புதுசுக்கு அடியில பழசு இருந்த தடம்னு ஒண்ணு இருக்கணும்ல? ஒரு பழைய ஓட்டை, ஒரு கீறல்? கட்டை வழவழன்னு இருந்தது. அங்க அதுக்கு முன்னாடி எதுவும் இருந்ததே இல்ல. வெளிப்பக்கம் வந்து பாத்தேன். நாலு ஓட்டை. மரத்தூள் வச்சு அடைச்சு மேல பச்சை பெயிண்ட் அடிச்சிருந்தாங்க. விரலை வச்சேன். ஈரம் காயல, ஒட்டிக்கிச்சு.

வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினேன். நகத்து இடுக்குல ரெண்டு நாள் இருந்தது.

பாத்தேன் மேடம். பாக்கலன்னு நான் சொல்லமாட்டேன். இதை இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல, அவ்வளவுதான். யாரும் கேக்கலையே.

செந்தாமரையோட பழகின அந்தக் காலனிப் பையன் வீட்ல மனு போட்டாங்க. விசாரிக்க ஒரு அதிகாரி வந்தாரு. வீட்ல எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க. அல்லி ஒருத்திதான் மாத்திச் சொன்னா. அந்தக் கதவுக்கு உள்ள தாழ்ப்பாளே கிடையாது, வெளிலதான், அக்காவா பூட்டிக்க முடியாதுன்னு. பதினாலு வயசுப் பிள்ளை, அப்பா எதிர்ல நின்னு சொல்லியிருக்கு. சின்னப் பிள்ளை உளறுதுன்னாங்க. உடனே இவ, "பள்ளிக்கூடத்துல படம் போட்டிருக்கேன். அக்கா இருக்கும்போதே போட்டது. மங்கை டீச்சர்கிட்ட இருக்கு, கேளுங்க"ன்னுட்டா.

அதிகாரி பள்ளிக்கூடத்துக்கு வந்தாரு. ஹெச்.எம். என்னை முதல்ல தனியா கூப்பிட்டாரு. "டீச்சர், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நாளைக்கும் நாம இந்த ஊர்லதான் பஸ்ஸை விட்டு இறங்கணும்"னாரு. நல்ல மனுஷன், என் மேல அக்கறைலதான் சொன்னாரு.

சார்ட்டை மேஜைல விரிச்சாங்க. மூலைல பரிசு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அல்லியைக் கூப்பிட்டு நிறுத்தினாங்க.

"நீ சொன்ன படம் இதாம்மா?"

அவ குனிஞ்சு பாத்தா. மறந்திருக்கா மேடம், நான் மாத்தினதை. அத்தனை நாள்ல நடந்த கலவரத்துல மறந்துபோயிருக்கா. விரலை அந்தக் கதவுகிட்ட கொண்டுபோனா. கொண்டுபோன விரல் அப்படியே நின்னுடுச்சு.

"இது டீச்சர் மாத்தினது சார். நான் வெளிலதான் போட்டேன். டீச்சர், சொல்லுங்க டீச்சர்."

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. அதிகாரி, "இது இந்தப் பொண்ணு வரைஞ்சதுதானா?"ன்னாரு.

"பிள்ளை வரைஞ்சதுதான் சார்"னேன்.

"நீங்க ஏதாவது மாத்தினீங்களா?"

"அளவு எதையும் நான் மாத்தல சார்."

பொய் சொல்லல பாருங்க. அவ வரைஞ்சதுதான் அது. ஒரு அளவைக் கூட நான் மாத்தல. கலியபெருமாள் அண்ணன் முறைங்கறதுக்காகச் சொல்லல. ஹெச்.எம். சொன்னதுக்காகவும் இல்ல. அந்த நேரத்துக்கு வாயில அதுதான் வந்தது.

அவரு எழுதிக்கிட்டாரு. நான் கையெழுத்து போட்டேன். அல்லி அழல. கத்தல. அப்புறம் எங்கிட்ட, "நான் வகுப்புக்குப் போகட்டுங்களா டீச்சர்?"ன்னு கேட்டா. போன்னேன்.

அத்தோட முடிஞ்சுது. தற்கொலைன்னு எழுதி மூடிட்டாங்க. ஒரு மாசத்துல அல்லிக்கு டி.சி. வாங்கிட்டாங்க, திருப்பூர்ல அத்தை வீடு. நான் மாறுதல் கேட்டு இந்தப் பக்கம் வந்துட்டேன். அந்தப் பரிசால நல்ல பேரு கிடைச்சிருந்தது, மாறுதல் சுலபமா கிடைச்சுது.

இங்க வந்து முதல் வருஷம் வீட்டுப் பாடத்தை மறுபடியும் ஆரம்பிச்சேன். ஒரு பொண்ணு எழுந்து, "டீச்சர், எங்க வீட்டு ரூம் ஏழடி"ன்னா. ஏழடிங்கற வார்த்தைதான் காதுல விழுந்தது. அதுக்கப்புறம் அவ பேசினது எதுவும் கேக்கல. வேற குரல் கேட்டுது. "நாலு அங்குலம். எழுதிக்கிட்டியா? இப்ப அந்த மூலை, ஏழடி எட்டு அங்குலம்." செந்தாமரை குரலை நான் கேட்டதே இல்ல மேடம். ஒரு தடவை கூட. எப்படி இருக்கும்னே தெரியாது. ஆனா கேட்டுது. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து, கொஞ்சம் குனிஞ்சு, கீழ் இடுக்கு வழியா பேசற குரல். அதுல பயமே இல்ல, அதான் என்னால தாங்க முடியல. தங்கச்சி வீட்டுப்பாடத்துக்கு ஒத்தாசை பண்ற சந்தோஷம்தான் இருக்குது. நாள் பூரா இருட்டுல உக்காந்திருந்தவளுக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு. அதான் ரெண்டு மூலைவிட்டத்தையும் அளந்திருக்கா. அவ்வளவு பொறுமையா.

அன்னைக்கு நிறுத்தினதுதான். காகிதம் கிழிக்கறேன், கயிறு கட்டறேன், நிழல் அளக்கறேன். வீடு மட்டும் வேண்டாம்.

இருங்க, இன்னும் முடியல.

மூணு வாரத்துக்கு முன்னாடி மதியச் சாப்பாட்டு நேரத்துல ஒரு பொண்ணு வந்து நின்னா. எனக்கு அடையாளம் தெரியல. "அல்லி, டீச்சர்"னா. இருபத்திரண்டு வயசு. திருப்பூர்ல கம்பெனில சூப்பர்வைசரா இருக்காளாம். எட்டு வருஷமா நான் மனசுக்குள்ள ஒத்திகை பாத்து வச்சிருந்தேன், அவளைப் பாத்தா இப்படிச் சொல்லணும், அப்படிச் சொல்லணும்னு. அழுகைதான் வந்தது.

"அழாதீங்க டீச்சர். நான் அதுக்கு வரல. நடந்ததை எழுதிக் குடுங்க"ன்னா.

அந்தப் பையனோட அம்மா விடாம கோர்ட்டுக்கு நடந்திருக்காங்க. கேசை மறுபடியும் விசாரிக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. புதுசா வந்திருக்கற அதிகாரி, கதவு விஷயத்துக்கு வேற சாட்சி இருக்கான்னு கேட்டிருக்காரு. இவ என் பேரைச் சொல்லியிருக்கா. மறுபடியும் என் பேரையே சொல்லியிருக்கா மேடம். அந்தப் பிள்ளைக்கு வேற யாரும் இல்ல போலருக்கு.

என் மகளுக்குத் தை மாசம் கல்யாணம் வச்சிருக்கு. மாப்பிள்ளை வீடு அந்த ஊரு பக்கம்தான். கலியபெருமாளுக்குப் பங்காளி வகையறா. சம்பந்தம் இல்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்ல, பாருங்க, நானே கொண்டுபோய் சம்பந்தம் பண்ணியிருக்கேன். "ஒரு வாரம் டைம் குடும்மா"ன்னேன். "எட்டு வருஷம் ஆச்சு டீச்சர்"னா. கோவமா சொல்லல. கணக்கைச் சொல்ற மாதிரி சொன்னா. அப்புறம், "சரிங்க டீச்சர்"னுட்டுப் போனா.

ஒரு வாரம் மூணு வாரம் ஆச்சு. நாலு தடவை எழுதினேன். முதல் தடவை பெயிண்ட் ஒட்டினதை விட்டுட்டேன். ரெண்டாவதுல ஹெச்.எம். சொன்னதை விட்டேன். மூணாவதுல எல்லாம் இருந்தது, ஆனா படிச்சுப் பாத்தா யாரோ மாத்தச் சொல்லி நான் மாத்தின மாதிரியே இருந்தது. நாலாவது இது. இந்தக் கவர்ல இருக்கு. ரப்பரை எடுத்தது நான்னு முதல் வரியிலயே எழுதிட்டேன். என் மகளுக்கும் படிச்சுக் காட்டினேன். பாதியில எழுந்து போனவ இன்னும் எங்கிட்ட பேசல.

எழுதினது நான்தான்னு ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்து போட்டா நல்லதுன்னு அந்தப் பையன் வீட்டு வக்கீல் சொன்னாராம். ஒண்ணு லூர்து ஆயா போட்டாங்க, இங்க சத்துணவு சமைக்கறவங்க. அவங்களுக்குப் பேரு எழுத மட்டும்தான் தெரியும். நாலு பக்கத்தையும் படிச்சுக் காட்டினேன். முழுசும் கேட்டுட்டு, ஈரக் கையைப் புடவைல துடைச்சுட்டுப் போட்டாங்க.

இங்க இன்னொரு இடம் காலியா இருக்கு மேடம். இந்தாங்க பேனா.

ஆபீஸ்ல கேக்கணுமா? ஆமா, கேக்கணும்தான். நீங்க புதுசா சேந்திருக்கீங்க. நாளைக்கு உங்களுக்கு ஏதாவது வந்துடுச்சுன்னா? இல்ல இல்ல, நான் தப்பா எடுத்துக்கல. பைய எடுத்துக்கிட்டீங்களே, கிளம்பறீங்களா? வீடியோவுக்குத் திங்கட்கிழமை வாங்க, கொடிக்கம்பத்துப் பாடம் எடுத்துடலாம். வெயில் மட்டும் அடிக்கணும்.

மேடம், ஒரு நிமிஷம். கேட்டுக்கு வெளில வேப்பமரத்தடில ஒரு பொண்ணு நிக்கறாளே, வரும்போது பாத்தீங்களா? ஊதா சுடிதார். அதான் அல்லி. ரெண்டு மணியிலேந்து நிக்கறா. நேத்தும் நின்னா. நேத்து நான் பின்வாசல் வழியா வீட்டுக்குப் போயிட்டேன்.

நீங்க முன்னாடி போங்க. இல்ல, வேண்டாம். நீங்க போயிட்டா நான் மறுபடியும் உக்காந்துடுவேன். கையெழுத்து வேண்டாம் மேடம், கேட்டு வரைக்கும் கூட வாங்க, போதும். வாங்க, ஒண்ணா போலாம்.